ரேம் மாற்றிய பிறகு டிஸ்ப்ளே வரவில்லை: போர்டா, எஸ்எம்பிஎஸ்ஸா?

மன்னார்குடி பக்கம் ஒரு கிராமத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். போன வெள்ளிக்கிழமை கடைக் கம்ப்யூட்டரில் 4 ஜிபி ரேமைக் கழற்றிவிட்டு 8 ஜிபி போட்டேன். அதிலிருந்து டிஸ்ப்ளே இல்லை. பட்டனை அழுத்தினால் ப்ராசஸர் ஃபேன் இரண்டு நொடி சுற்றி நிற்கிறது, மறுபடி தானாகச் சுற்றுகிறது. நிறுத்தும் வரை இதே கூத்துதான்.

எச்61 மதர்போர்டு, ஐ3 3220 ப்ராசஸர், டிடிஆர்3 ரேம், 450 வாட் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி). தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது.

பழைய ரேமையே திரும்பப் போட்டாலும் அதே கதை. அதுதான் வயிற்றைக் கலக்குகிறது. ரேமின் பித்தளை நிறப் பக்கத்தை அழிரப்பரால் தேய்த்து, இரண்டு ஸ்லாட்டிலும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். போர்டில் இருக்கும் சின்ன சிமாஸ் பேட்டரி புதிது போட்டாயிற்று. 24 பின், 4 பின் கனெக்டர்களைக் கழற்றி அழுத்தி மாட்டினேன். ஹார்ட் டிஸ்க்கையும் கழற்றிப் பார்த்தேன். ரேமே இல்லாமல் ஆன் செய்தாலும் பீப் வரவில்லை. முன்பெல்லாம் தினமும் காலையில் ஒரு பீப் கேட்கும். எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியே எடுத்து, பச்சை வயரையும் கறுப்பையும் இணைத்தால் அதன் ஃபேன் ஓடுகிறது. மஞ்சள் வயரில் 11.9 வோல்ட்.

ஒன்றை மறைக்கக் கூடாது. ரேம் மாற்றும்போது கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்தேனே தவிர, ப்ளக்கைப் பிடுங்கவில்லை. போர்டின் ஓரத்தில் சின்னப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்ததை அப்புறம்தான் கவனித்தேன்.

சம்பா பயிர்க் காப்பீட்டுக்கு அடங்கல், சிட்டா நகல் எடுக்க ஆட்கள் வந்து திரும்பிப் போகிறார்கள். தஞ்சாவூருக்குத் தூக்கிப் போனால் ஒரு நாள் போய்விடும்.

புது எஸ்எம்பிஎஸ் வாங்காமல், கோளாறு போர்டிலா எஸ்எம்பிஎஸ்ஸிலா என்று வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?