பின் சக்கரம் கழற்றி மாட்ட எவ்வளவு கூலி நியாயம்?

வணக்கம் நண்பர்களே. அப்பாவின் பழைய ஸ்ப்ளெண்டரில் பின் சக்கரம் ஆடுகிறது. சென்டர் ஸ்டாண்டு போட்டு டயரைப் பிடித்து இடம் வலமாக அசைத்தால் டொக் டொக்கென்று கையில் தட்டுகிறது. பேரிங் (சக்கரம் லேசாகச் சுழல உதவும் குண்டு வளையம்) போய்விட்டது என்றார் மெக்கானிக். பேரிங் விலை தனி, சக்கரத்தைக் கழற்றி மாட்ட மட்டும் 600 ரூபாய், அரை நாள் வண்டியை விட வேண்டும் என்கிறார். பஞ்சர் கடைக்காரர் இதே சக்கரத்தைக் கால் மணி நேரத்தில் கழற்றியதை நானே பார்த்திருக்கிறேன்.

டிரம் பிரேக் வண்டிதானே? கழற்ற வேண்டியது பிரேக் ராடு நட்டு, பிரேக் தட்டைச் சுழலாமல் பிடிக்கும் டார்க் ராடின் போல்ட், அப்புறம் சக்கரத்தின் நடுவே போகும் ஆக்ஸில் தண்டு. இந்த வண்டியில் செயினைக்கூடக் கழற்ற வேண்டாம், செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட் வண்டியிலேயே நின்றுவிடும். ஆனால் பழைய பேரிங்கைத் தட்டி எடுத்துப் புதியதைக் கோணாமல் இறக்குவது பொறுமையான வேலை, அதற்குக் கூலி கொடுக்க எனக்குத் தயக்கமே இல்லை.

அப்பா தினமும் விடியற்காலையில் இதில்தான் பூ மூட்டை ஏற்றிக்கொண்டு மார்க்கெட் போகிறார். அதனால் தள்ளிப்போட மனமில்லை.

உங்கள் ஊரில் பேரிங் மாற்ற மொத்தக் கூலி எவ்வளவு, எவ்வளவு நேரம் எடுத்தார்கள்? சக்கரத்தை நானே கழற்றிக் கையில் கொண்டுபோனால் குறைப்பார்களா? ஹப்புக்குள் (சக்கரத்தின் நடுப்பகுதி) இருக்கும் ரப்பரையும் இதோடு மாற்றிவிடலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.