வாசகர் வட்டப் பணத்தை எதுக்குச் செலவழிக்கறது? (கடலூர்)

கெடிலக்கரை:
எங்க கிளை நூலக வாசகர் வட்டத்துல கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கு. குரூப் 4 கைடும் நாற்காலியும் வாங்கணும்னு பாதிப் பேர். பார்வை இல்லாதவங்களுக்கு ஒரு கணினி, மீனவர் குப்பத்துக்குப் புத்தகப் பெட்டின்னு மீதிப் பேர். நீங்க என்ன சொல்றீங்க?

மஞ்சக்குப்பம் மாறன்:
கைடும் நாற்காலியும்தான். வந்து நிக்கறவனை விட்டுட்டு வராதவனைத் தேடிப் போவானேன்? காலையில போய்ப் பாருங்க, படிக்கட்டுல உக்காந்து படிக்குதுங்க புள்ளைங்க. நெல்லிக்குப்பம், குறிஞ்சிப்பாடியிலேர்ந்து பஸ் ஏறி வர்ற கூலி வீட்டுப் புள்ளைங்க. கோச்சிங் சென்டருக்குக் கட்டப் பணம் இல்ல. இவங்களைவிட யாருங்க ஏழை?

சிங்காரத்தோப்பு:
அண்ணே, நூலக வரி சொத்து வரியில ரூபாய்க்கு 10 காசு. மீன் விக்கற அம்மா வீட்டுக்கும் அதே வரிதான். விடியறதுக்கு முன்ன ஏலத்துக்கு ஓடி, கூடை காலியாகி வீட்டுக்கு வந்து உலை வைக்கறவங்க எந்த நேரத்துல நூலகம் வர்றது? 1931லயே மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டி கட்டி ஊர் ஊரா புத்தகம் கொண்டு போனாங்க. அதுக்குத் துணை நின்ன நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் நம்ம சீர்காழிக்காரர்.

மஞ்சக்குப்பம் மாறன்:
வாசகர் நேரத்தை மிச்சப்படுத்தணும்னு விதி எழுதினவரும் அவர்தானே? நாற்காலி காலியாகறதுக்குக் காத்திருக்கற நேரம் என்ன கணக்கு? பெட்டி இறக்கற அன்னைக்கு போட்டோ எடுத்து வாட்ஸாப்ல போடுவாங்க, அதோட சரி. முன்னாடி இப்படி வச்ச பெட்டி ஒண்ணு கோயில் மண்டபத்துல கரையான் ஏறிக் கெடந்துச்சு.

வெண்கோல்:
எனக்குப் பார்வை இல்ல. நானும் குரூப் 4க்குத்தான் படிக்கறேன். நான் எந்தக் கட்சின்னு சொல்லுங்க பாப்போம்!
புதுக் கணினி வேணாம். இருக்கற கணினியில என்விடிஏன்னு திரையில உள்ளதை வாசிச்சுக் காட்டற மென்பொருளைப் போடுங்க, இலவசம், தமிழும் வாசிக்கும். சிக்கல் வேற. சுத்துற பாடக்குறிப்பு பிடிஎஃப்ல பாதி வெறும் ஸ்கேன் படம். மீதி பாமினி மாதிரி பழைய எழுத்துருவுல அடிச்சது. கண்ணுக்குத் தமிழாத் தெரியும், உள்ளே இருக்கறது ஆங்கில எழுத்து. என்விடிஏ அதைப் படிச்சா ஜுரத்துல பினாத்தற மாதிரி இருக்கும். படத்துல இருக்கற எழுத்தைப் படிச்செடுக்கற ஓசிஆர் போட்டு, கணினி தமிழாவே புரிஞ்சுக்கற யூனிகோடாக்கி, பிழை திருத்த ஆள் வேணும். எங்களுக்காக அப்படி மாத்தறதுக்குக் காப்புரிமைச் சட்டத்துல 2012லயே இடம் கொடுத்தாச்சு. பார்வை இல்லாதவங்க படிக்கற வடிவத்துக்குப் புத்தகங்களை மாத்திப் பகிர வழி விடற மராகேஷ் உடன்படிக்கையை 2014ல முதல் நாடா ஏத்துக்கிட்டதும் இந்தியாதான். சட்டம் இருக்கு, ஆள்தான் இல்ல.

மஞ்சக்குப்பம் மாறன்:
இதுக்குப் பணமே வேணாமே. படிக்கட்டுப் பசங்ககிட்ட ஆளுக்குப் பத்துப் பக்கம் கொடுங்க. திருத்தறவனுக்கும் பாடம் மனசுல நிக்கும். நாற்காலிக் காசுல கை வைக்காம நடக்குற எதுக்கும் நான் குறுக்க நிக்கல.

வெண்கோல்:
கணக்குப் பாடத்தை மட்டும் வரைபடம் புரியற ஆள்கிட்ட கொடுங்க. 'படத்தைப் பார்க்க'ன்னு விட்டுட்டா நான் எதைப் பார்க்க?

சிங்காரத்தோப்பு:
எல்லாம் சரி, குப்பம் அப்படியே நிக்குதே? வருசம் முழுக்கக் கேக்கல. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். ஆம்பளைங்க கரையில வலை பின்னிக்கிட்டுதான் இருப்பாங்க, புள்ளைங்களுக்கும் பள்ளி லீவு. அந்த ரெண்டு மாசம் மட்டும் பெட்டி வைங்க. கூடவே, நிவாரண விண்ணப்பம் நிரப்பித் தர ஒருத்தர் உக்காரட்டும். முதல்ல அதுக்குத்தான் வருவாங்க, நானே சொல்றேன்.

மஞ்சக்குப்பம் மாறன்:
விண்ணப்பம் நிரப்பறது நூலக வேலையா? அதை அப்புறம் பேசுவோம். பெட்டியை எண்ணி வாங்கி எண்ணித் திருப்பித் தரப் போறது யாரு? பேரைச் சொல்லுங்க.

சிங்காரத்தோப்பு:
என் பேரையே எழுதிக்கங்கண்ணே. விண்ணப்பம் நிரப்பறதும் நூலக வேலைதான், அதைக் கூட்டத்துல பேசுவேன்.