எல்.எம்.சி எக்ஸ்-3: வட்டின் உள்விளிம்பு இவ்வளவு சின்னதாக வருகிறதே, எங்கே தப்பு?

கேள்வி:
எல்.எம்.சி எக்ஸ்-3 (பெரிய மெகல்லன் மேகத்தில், துணை விண்மீனின் வாயுவை இழுக்கும் கருந்துளை), மென்நிலை (வாயு வட்டின் ஒளியே மேலோங்கும் நிலை). ஸ்விஃப்ட் செயற்கைக்கோளின் எக்ஸ்-கதிர் தொலைநோக்கி எக்ஸ்.ஆர்.டி, ஃபோட்டான் கவுண்டிங் முறை, நொடிக்குச் சுமார் 4 எண்ணிக்கை. 20 பிக்சல் வட்டம் போட்டு நிறமாலை எடுத்தேன். எக்ஸ்பெக் என்ற நிறமாலை மென்பொருளில் டிபி-ஆப்ஸ் (வழியிலுள்ள வாயு உறிஞ்சுதல்), அதனுள் டிஸ்க்-பிபி (வட்டின் வெப்ப ஒளி), பவர்-லா (கடினவால், அதாவது உயர் ஆற்றல் பகுதி). பொருத்தம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஹைட்ரஜன் நிரை அடர்த்தி (பார்வைத் திசையில் ஒரு சதுர செ.மீ-க்கு உள்ள அணுக்கள்) 0.25 (10²² அலகில்), பவர்-லா சுட்டெண் 2.9, டிஸ்க்-பிபி நார்ம் (உள்விளிம்பு ஆரத்தின் வர்க்கத்தோடு ஏறும் அளவு எண்) வெறும் 4. தூரம் 48.1 கிலோபார்செக், சாய்வு 69°, நிறை 7 சூரியன் என்று போட்டால் உள்விளிம்பு 1.6 ஈர்ப்பு ஆரம்தான் (ஈர்ப்பு ஆரம் = GM/c²). உள்விளிம்பு சின்னதானால் கருந்துளையின் சுழற்சி (0 முதல் 1 வரை) கூடும், இங்கே 0.95-ஐத் தாண்டுகிறது. வெளியான மதிப்போ 0.25 பக்கம். தூரத்தை 10 கிலோபார்செக் அலகில் 4.81 என்றுதான் வைத்தேன்.

பதில் 1:
மாதிரியைத் தொடாதீர்கள், முதலில் தரவைப் பாருங்கள். இந்த முறையில் நொடிக்கு 0.6-ஐத் தாண்டினாலே பைல்-அப் வந்துவிடும், உங்களுடையது 4. ஒரே சட்டகத்தில் ஒரே இடத்தில் விழும் இரண்டு 1.5 கே.இ.வி ஃபோட்டான்களை 3 கே.இ.வி ஃபோட்டான் ஒன்றாகக் கருவி எண்ணிவிடும். மென்பக்கம் குறைந்து, இல்லாத கடினவால் முளைக்கும். அந்த வாலுக்குத்தான் பவர்-லா தேவைப்பட்டிருக்கிறது.

எக்ஸிமேஜ் என்ற பட மென்பொருளில், மையத்திலிருந்து தூரம் கூடக்கூடப் பொலிவு எப்படி மாறுகிறது என்று வரைந்து, 15–20 ஆர்க்செகண்டுக்கு வெளியே மட்டும் கிங் சார்பை (தொலைநோக்கி ஒரு புள்ளியைப் பரப்பும் வடிவம்) பொருத்துங்கள் (உள்ளக ஆரம் 5.8 ஆர்க்செகண்ட், பீட்டா 1.55). அதை உள்ளே நீட்டினால், தரவு கோட்டுக்குக் கீழே சரியும் இடம் தெரியும். அதுவரை வெட்டுங்கள். இந்த எண்ணிக்கைக்கு 3–5 பிக்சல் போகும், ஒரு பிக்சல் 2.36 ஆர்க்செகண்ட். வெளி ஆரத்தை 30 பிக்சல் ஆக்குங்கள். ஏ.ஆர்.எஃப் கோப்பை (கருவியின் ஒளி சேகரிப்புத் திறன்) புதிதாகச் செய்யும்போது பி.எஸ்.எஃப் திருத்தத்தை (புள்ளி ஒளி பரவியதற்கான ஈடு) இயக்க மறக்க வேண்டாம். மறந்தால் வெட்டிய நடுப்பகுதியின் ஒளி கணக்கில் வராமல் நார்ம் மறுபடி குறையும், வட்டு சுருங்கியதாகவே தோன்றும்.

பதில் 2:
பைல்-அப் போனாலும் பவர்-லா ஆபத்துதான். 5 கே.இ.வி-யிலிருந்து 0.5-க்கு வந்தால், 2.9 சுட்டெண்ணில் ஃபோட்டான் எண்ணிக்கை கிட்டத்தட்ட 800 மடங்கு. வட்டின் பங்கை அது தின்றுவிடும், மிஞ்சியதை அமுக்க நிரை அடர்த்தி ஏறும். உங்கள் 0.25 அப்படி வந்ததுதான். இந்தத் திசையில் 0.04 போதும், அதிலேயே உறைய வையுங்கள்.

வட்டின் ஃபோட்டான்கள் சூடான எலக்ட்ரான்களில் சிதறி ஆற்றல் பெறுவதுதான் கடினவால். சிதறும் முன் அந்த ஃபோட்டான்களுக்கு இருந்த ஆற்றலுக்குக் கீழே அது போக வழியே இல்லை. எனவே பவர்-லாவை எடுத்துவிட்டு, டிஸ்க்-பிபி மேல் சிம்ப்ல் (வட்டின் ஃபோட்டான்களில் ஒரு பங்கைச் சிதறவைக்கும் மாதிரி) போடுங்கள். அது வேறொரு மாதிரியின் நிறமாலையை ஆற்றல் வாரியாகக் கலக்கும் மாதிரி என்பதால் எனர்ஜீஸ் கட்டளையில் 0.05 முதல் 100 கே.இ.வி வரை மடக்கை அளவில் 1000 பெட்டிகள் தேவை. இல்லையென்றால் விளிம்புகளில் தப்பான வளைவு வரும். சிதறல் பங்கு 0.25-ஐத் தாண்டினால் அந்தத் தரவை ஆரக் கணக்குக்கு எடுக்க வேண்டாம்.

கேட்டவர்:
4 பிக்சல் வெட்டினேன், சிம்ப்ல் போட்டேன். நார்ம் 27, வெப்பநிலை 1.1 கே.இ.வி, சிதறல் பங்கு 0.03. உள்விளிம்பு 42 கி.மீ. இதை நேராக எடுக்கலாமா?

பதில் 2:
கூடாது, இது தோற்ற ஆரம். நிறத்திருத்தம் (வட்டு உண்மையைவிடச் சூடாகத் தெரிவதற்கான ஈடு) 1.7-ன் வர்க்கத்தையும், உள்விளிம்புத் திருத்தம் 0.412-ஐயும் பெருக்கினால் 1.19 வரும். 42 × 1.19 = 50 கி.மீ. ஏழு சூரிய நிறைக்கு ஈர்ப்பு ஆரம் 10.3 கி.மீ, ஆக 4.85 ஈர்ப்பு ஆரம். சுழலாத கருந்துளைக்கு இது 6. இந்த விளிம்புக்கு உள்ளே வாயு சில மில்லிநொடியில் விழுந்துவிடும், ஒளிவிட நேரமே கிடைக்காது. அதனால்தான் நிறமாலை விளிம்பைக் காட்டிக்கொடுக்கிறது.

பதில் 1:
அதை வைத்துச் சுழற்சி எழுதிவிடாதீர்கள், டிஸ்க்-பிபி-யில் சார்பியல் கிடையாது. சுழலும் கருந்துளைக்கான சார்பியல் வட்டு மாதிரி கெர்-பிபி-க்கு மாறி நிறை, சாய்வு, தூரம் மூன்றையும் உறைய வைத்து, நார்மை 1-ல் நிறுத்துங்கள். அங்கே தூரம் 48.1 என்றே போட வேண்டும், 4.81 அல்ல. எல்லோரும் சறுக்கும் இடம் அது. ஒளிர்வு எடிங்டன் வரம்பில் (ஒளியின் அழுத்தம் ஈர்ப்பைச் சமன்செய்யும் ஒளிர்வு) 30 சதவீதத்துக்கு மேல் போன நாட்களை ஒதுக்கிவிடுங்கள், மெல்லிய வட்டு என்ற அனுமானம் அங்கே நிற்காது.