கட்டளைக் கையேட்டில் எதற்கு இடம்? உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

ஈரோட்டிலிருந்து:

லினக்ஸ் கட்டளைகளுக்குத் தமிழில் ஒரு கையேடு எழுதி வருகிறோம். எல்லோரும் வேலை முடிந்து வந்து இரவில் எழுதுகிறவர்கள். எழுதுவதைவிட எதைச் சேர்ப்பது என்பதில்தான் பேச்சு நீள்கிறது. ஆளுக்கொரு பிடித்த கருவி இருக்கிறது, அதை விட்டுக்கொடுக்க மனசு வருவதில்லை.

எனக்கு இதில் ஒரு தெளிவு கொடுத்தவர் பெருந்துறைப் பக்கம் விசைத்தறிக் கூடம் ஒன்றில் கணக்குப் பார்க்கும் அக்கா. லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு வைத்திருக்கிறார். வரைவைப் படித்துப் பார்க்கக் கொடுத்திருந்தோம். அதில் 'பேட்' கருவிக்கு ஒரு பக்கம் இருந்தது. 'கேட்' கட்டளை மாதிரியே கோப்பைத் திரையில் காட்டும், கூடவே நிறமும் வரி எண்ணும் வரும். அக்கா நிறுவினார், பெயரைத் தட்டினார், அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றது திரை. "நீங்க எழுதுன மாதிரியேதானுங்க போட்டேன், நான் எங்கயாவது தப்புப் பண்ணீட்டனா?" என்று கேட்டார்.

அவர் மேல் தப்பே இல்லை. டெபியனிலும் உபுண்டுவிலும் அந்தப் பெயரை வேறொரு தொகுப்பு முன்பே வைத்திருந்ததால், அங்கே அது 'பேட்கேட்' என்று நிறுவப்படுகிறது. கோப்புத் தேடும் 'எஃப்டி'யும் அப்படித்தான், 'எஃப்டிஃபைண்ட்' என்று வரும். பக்கத்தை எழுதியவர் ஃபெடோரா என்ற வேறொரு லினக்ஸ் வகையைப் பயன்படுத்துகிறவர், அவருக்கு 'பேட்' என்றே கிடைத்திருக்கிறது. ஆனால் புதிதாக வருகிறவர் இப்படி ஒரு இடத்தில் நின்றால் கையேட்டைச் சந்தேகப்பட மாட்டார், தன்னைத்தான் சந்தேகப்படுவார். அது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. அதனால் இப்போது நான் முதலில் கேட்பது, லினக்ஸை நிறுவி முடித்த கையோடு, தனியாக எதையும் நிறுவாமலே அந்தக் கருவி கணினியில் இருக்கிறதா என்பதைத்தான். எல்எஸ், கிரெப், ஃபைண்ட், டியூ, லெஸ், டார் போன்ற அடிப்படைக் கட்டளைகள் எல்லாம் இருக்கும். பேட் நல்ல கருவிதான், பின்னிணைப்பில் வரட்டும்.

வலையமைப்பு விவரங்களைக் காட்டும் இஃப்கான்ஃபிக்கின் கதை வேறு. 2017-இல் வந்த டெபியன் 9 முதல் அது தானாக நிறுவப்படுவதில்லை, 'ஐபி' கட்டளைதான் இருக்கிறது. ஆனாலும் பழைய கல்லூரிக் குறிப்புகளில் இஃப்கான்ஃபிக்தான். அதைத் தேடி வருகிறவருக்காக 'இதற்குப் பதில் ஐபி' என்று ஒரு வரி வேண்டும் என்பது என் கட்சி.

திருப்பூரிலிருந்து:

பனியன் கம்பெனி ஒன்றில் ஆர்டர் பட்டியல்களைப் பார்க்கிறேன். என் பங்குக்கு, ஒவ்வொரு வரியிலும் ஒரு பகுதியை மட்டும் வெட்டி எடுக்கும் 'கட்' கட்டளை. ஆங்கிலக் கையேடுகளில் 'இத்தனையாவது எழுத்துவரை வெட்டு' என்று அதற்கு ஒரு எடுத்துக்காட்டு வரும். அதைத் தமிழில் அப்படியே எழுதக் கூடாது. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட்டு. 'ஈரோடு' என்பது நமக்கு மூன்றெழுத்து, கணினிக்கு ஐந்து குறி, பதினைந்து பைட்டு. டெபியன் 12-இல் கட் பைட்டுக் கணக்கில்தான் வெட்டுகிறது. நான்கு எழுத்து கேட்டால் 'ஈ' வரும், அதற்குப் பக்கத்தில் உடைந்துபோன ஒரு கட்டம் நிற்கும்.

அதற்காக 'கட்' கட்டளையை விட்டுவிட வேண்டாம். காற்புள்ளியை வைத்து நெடுவரிசை பிரிப்பதில் எந்தச் சிக்கலும் இல்லை, தமிழ் எழுத்துக்குள் அந்தப் பைட்டு வரவே வராது. வாடிக்கையாளர் பெயர், ஊர், நிலுவை என்று இருக்கும் பட்டியலில் ஊரை மட்டும் எடுக்க நான் தினமும் பயன்படுத்துகிறேன். அந்தப் பயன்பாட்டை மட்டும் எழுதலாம். எந்தக் கருவியாக இருந்தாலும் ஒரு தமிழ்க் கோப்பில் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சேருங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

கோபியிலிருந்து:

பள்ளியில் பாடம் எடுக்கிறேன். என் மாணவர்கள் பலர் வீட்டில் அரசு கொடுத்த பழைய மடிக்கணினிதான், இணையம் எப்போதாவது வரும். அவர்களுக்கு, இணையம் இல்லாமலே கட்டளையின் விளக்கத்தைக் காட்டும் மேன், அந்த விளக்கங்களில் தேடித் தரும் அப்ரோபோஸ் இரண்டும் முதல் பாடமாக வர வேண்டும், எல்எஸ்ஸுக்கும் முன்னால். கோப்பில் எழுதித் திருத்தும் கருவிகளில் நானோ போதும். விஐ வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் நானோ தன் சாவிகளைத் திரையின் அடியிலேயே எழுதிக் காட்டுகிறது.

பொள்ளாச்சியிலிருந்து:

'டிடி' கட்டளையை யாரும் சொல்லவில்லை. பென்டிரைவில் லினக்ஸ் ஏற்ற எல்லோரும் கேட்பது அதைத்தான். அதில் வட்டின் பெயரில் ஒரே ஒரு எழுத்து மாறினாலும் வன்வட்டில் இருப்பது அழிந்துவிடலாம், நிஜமாகவா என்று அது கேட்கக்கூடக் கேட்காது. என் தம்பியின் நண்பன் இப்படிக் கல்யாணப் படங்களை இழந்தான். வட்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிளாக் பக்கம் தயாராகாமல் டிடி பக்கத்தை வெளியிட வேண்டாமுங்க. எல்எஸ்பிளாக்கை நானே எழுதித் தருகிறேன்.