தராசு த்ரெட்ல இருந்து பில் ஸ்கிரீனுக்கு எடை அனுப்புனா ப்ரோகிராம் படுத்துருது

தேன்குழல்:
எல்லாருக்கும் வணக்கம்ணே. காரைக்குடில எங்க ஆச்சியோட பலகாரக் கடைக்கு நானே ஒரு பில்லிங் ப்ரோகிராம் எழுதியிருக்கேன், பைத்தான், பைக்யூட்டி5 (விண்டோ, பட்டன் வரையுற க்யூட்டி லைப்ரரிய பைத்தான்ல வச்சுக்கிறது), விண்டோஸ் 10. தராசு சீரியல் போர்ட்ல (ஒவ்வொரு பிட்டா அனுப்புற கேபிள் வழி) 9600 பாட் வேகத்துல விடாம எடைய அனுப்பிக்கிட்டே இருக்கும். மொதல்ல மெயின் விண்டோலயே ஒரு வொய்ல் லூப் (நிக்காம சுத்துற கோடு) போட்டு படிச்சேன், ஸ்கிரீன் அப்படியே உறைஞ்சுபோச்சு. சரின்னு பைசீரியல்ங்குற லைப்ரரி வச்சு படிக்கிற வேலைய தனி த்ரெட்ல (ஒரே ப்ரோகிராமுக்குள்ள கூடவே ஓடுற இன்னொரு ஓட்டம்) போட்டு அங்கருந்தே லேபிள்ல எடைய எழுதுனேன், டேபிள்ல வரியும் சேத்தேன். வேலை செஞ்சுச்சு! ஆச்சியும் ரெண்டு நாள் மணகோலமும் சீப்புச் சீடையும் சந்தோஷமா நிறுத்து வித்தாக. மூணாம் நாள் முகூர்த்தம், கல்யாண வீட்டுக்கு சீர் பலகாரம், பில்லு பாதி ஓடிக்கிட்டிருக்கும்போது விண்டோவே காணோம். எர்ரர் பாக்ஸ் கூட வரல. வேற த்ரெட்ல இருக்குற பேரண்டுக்கு (மேல் ஆப்ஜெக்ட்) சில்ட்ரன் (அதுக்குக் கீழ உள்ளது) உருவாக்க முடியாதுங்குற மாதிரி கன்சோல்ல மட்டும் ஒரு வரி கெடந்துச்சு. ஆச்சி ஒண்ணும் சொல்லல, பழைய பில் புக்க எடுத்து வச்சுக்கிட்டாக, அதுதான் ரொம்ப அவமானமா போச்சு.

அப்புறம் க்யூட்டியோட த்ரெட் கிளாஸான க்யூத்ரெட்ட சப்கிளாஸ் பண்ணி, டப்பா எடைய கழிக்க டேர் ஸ்லாட் (சிக்னல் வந்தா ஓடுற ஃபங்ஷன்) ஒண்ணும் அதுக்குள்ளயே வச்சேன். கமாண்ட் அனுப்பிட்டு தராசு பதில் சொல்ற வரைக்கும் அது காத்திருக்கும். அந்த பட்டன அமுக்குனா திரும்ப ஸ்கிரீன் உறையுது. தனி த்ரெட்ல ஓடுறது எதுக்கு ஸ்கிரீன உறைய வைக்கணும்? லாக் (ஒரு நேரத்துல ஒரு த்ரெட்ட மட்டும் உள்ள விடுற பூட்டு) போட்டா சரியாகுமா?

வளவு_வாசி:
லாக் போட்டும் புண்ணியமில்ல தம்பி. நீங்க எழுதுன கோடு லாக்க மதிக்கும், ஆனா விண்டோவ வரையுறதும் சைஸ் மாத்துறதும் க்யூட்டியோட சொந்தக் கோடு, அதுக்கு உங்க லாக் இருக்குறதே தெரியாது. அது வரைஞ்சுக்கிட்டு இருக்கும்போது நீங்க லேபிள மாத்துனா எப்பவாவது ஒருநாள் இடிக்கும், கூட்டம் இல்லாத நாள்ல இடிக்காது.

ரெண்டாங்கட்டுல பலகாரம் சுடுறவுக எண்ணெய்க் கையோட முகப்புக்கு வந்து கணக்குப்பிள்ளை பேரேட்ட தாங்களே எடுத்து எழுதுவாகளா? சீட்டுல எழுதி மேசைல வச்சுட்டுப் போவாக, அவரு கை ஒழிஞ்சப்ப வரிசையா பதிவாரு. உங்க தராசு த்ரெட் சிக்னல் மட்டும் எமிட் பண்ணட்டும் (எடை வந்துச்சுன்னு சேதி விடட்டும்), லேபிள மாத்துற ஸ்லாட் விண்டோல இருக்கட்டும். வாங்குற ஆப்ஜெக்ட் எந்த த்ரெட்ட சேந்ததுன்னு க்யூட்டி எமிட் பண்ற நேரத்துல பாக்கும், வேற த்ரெட்டுன்னா மதிப்ப காப்பி எடுத்து ஒரு ஈவெண்டா அந்த த்ரெட்டோட வரிசைல போட்டுரும். க்யூட்டிக்கு மட்டும் உள்ள வழக்கமில்ல இது, மத்த விண்டோ லைப்ரரிலயும் உண்டு, வின்ஃபார்ம்ஸ்ல பிகின்-இன்வோக், ஜாவா ஸ்விங்ல இன்வோக்-லேட்டர், டிகிண்டர்ல ஒரு க்யூ வச்சு ஆஃப்டர் போட்டு எட்டிப் பாக்குறது, எல்லாமே இதே சீட்டுதான்.

முறுக்கு_பிழியுறவன்:
இவ்வளவு எதுக்கு, லூப்புக்குள்ள ப்ராசஸ்-ஈவெண்ட்ஸ்னு (காத்திருக்குற கிளிக்கெல்லாம் கவனிக்கச் சொல்றது) ஒரு வரி போட்டா ஸ்கிரீன் உறையாது. நான் அப்படித்தான் ஓட்டுறேன்.

மூணாங்கட்டு:
ஓட்டுவீங்க, ஒரு நாள் பிரிண்ட் பட்டன ரெண்டு தடவ அமுக்குற ஆளு வருவாரு. மொத அமுக்கு இன்னும் முடியல, நடுவுல ப்ராசஸ்-ஈவெண்ட்ஸ் ரெண்டாவது அமுக்க உள்ள விட்டுரும், ஒரே ஃபங்ஷன் தனக்குள்ளயே மறுபடி நுழையும், ஒரே பில்லு ரெண்டா வரும். நான் பட்டவன்.

தேன்குழல் தம்பி, உங்க டேர் கேள்விக்கு யாரும் பதில் சொல்லல. க்யூத்ரெட் ஆப்ஜெக்ட்டே புது த்ரெட்டுன்னு நெனச்சுட்டீங்க, அங்கதான் எல்லாரும் விழுறது. அது புது த்ரெட்ட கட்டி மேய்க்கிற கயிறு மட்டுந்தான், அந்த ஆப்ஜெக்ட் அத உருவாக்குன மெயின் த்ரெட்டுலதான் குடியிருக்கு. ரன் ஃபங்ஷன் மட்டும் அங்கிட்டு ஓடும், அதுக்குள்ள வச்ச ஸ்லாட்டெல்லாம் இங்கிட்டுதான் ஓடும். அதான் தராசு பதிலுக்கு காத்திருக்கும்போது ஸ்கிரீனும் சேந்து காத்திருக்கு. சாதாரண க்யூஆப்ஜெக்ட்டா ஒரு வொர்க்கர் எழுதி மூவ்-டு-த்ரெட் பண்ணுங்க, அப்ப ஸ்லாட்டும் அங்க ஓடும். வொர்க்கருக்கு பேரண்ட் குடுக்காதீங்க, குடுத்தா நகராது. த்ரெட்டையும் வொர்க்கரையும் செல்ஃப்ல (விண்டோவோட சொந்த வேரியபிளா) புடிச்சு வைங்க, இல்லன்னா பைத்தான் குப்பைன்னு அள்ளிரும், த்ரெட் ஓடும்போதே அழிஞ்சுருச்சுன்னு சொல்லி ப்ரோகிராம் சாகும். முக்கியமா வொர்க்கருக்குள்ள வொய்ல் ட்ரூ போட்டீங்கன்னா அந்த த்ரெட்டோட ஈவெண்ட் லூப்புக்கு (வரிசைல வர்றத எடுத்து நடத்துறது) மூச்சே கெடைக்காது, டேர் சிக்னல் வரிசைல வந்து நிக்கும், எடுக்க ஆள் இருக்காது.

தேன்குழல்:
மூணாங்கட்டு அண்ணே, கும்புடுறேன். வொர்க்கரா மாத்திட்டேன், வொய்ல எடுத்துட்டு டைமர் வச்சேன், டேர் வேலை செய்யுது, உறையல. ஆனா புதுசா ஒண்ணு, அதிரசத்த தட்டுல வச்சா எடை மெதுவா ஏறுது, எடுத்த பெறகும் அஞ்சு செகண்டு பழைய எடையவே காட்டுது. ஒவ்வொரு ரீடிங்கையும் எஸ்க்யூலைட் டேட்டாபேஸ்ல கமிட் பண்றேன் (டிஸ்க்ல எழுதி முடிக்கிறேன்), அதுவா இருக்குமோ?

வளவு_வாசி:
அதேதான். 9600 பாட்ன்னா வழக்கமான செட்டிங்ல செகண்டுக்கு 960 எழுத்து, ஒரு எடைக்கு 16 எழுத்துன்னு வைங்க, 60 ரீடிங் வரைக்கும் வரலாம். செகண்டுக்கு அறுபது தடவ டிஸ்க்ல எழுதுனா கணக்குப்பிள்ளை என்ன பண்ணுவாரு, சீட்டு குமிஞ்சுக்கிட்டே போகும், வரிசை எதையும் தூக்கிப்போடாது, அதனால நீங்க பாக்குறது அஞ்சு செகண்டுக்கு முந்துன எடை. எடை மாறுனா மட்டும் எமிட் பண்ணுங்க, கமிட் பில் முடியும்போது ஒரே தடவ. சில தராசு, எடை நின்னா எஸ்டின்னும் ஆடிக்கிட்டிருந்தா யூஎஸ்னும் முன்னாடி சேத்து அனுப்பும், உங்கது அப்படின்னா நின்னத மட்டும் பில்லுக்கு எடுங்க. ஆடுற எடைய பில்லு போட்டா ஆச்சிகிட்ட சண்டைக்கு வருவாக.

செக்காலை_சீரியல்:
தாமதமா வர்றேன், மன்னிச்சுக்கங்க. இந்த வேலைக்கு த்ரெட்டே வேணாமே? க்யூட்டிலயே க்யூசீரியல்போர்ட் இருக்கு, டேட்டா வந்தா ரெடி-ரீட் சிக்னல் தானா வரும், மெயின் த்ரெட்லயே ஒண்ணும் உறையாது. ஒரு தடவைக்கு முழு வரி வரும்னு மட்டும் நம்பாதீங்க, பாதி எடை வரும், கேன்-ரீட்-லைன் பாத்துட்டு படிங்க. டேர் அனுப்பிட்டும் காத்திருக்காதீங்க, பதிலும் அதே சிக்னல்லதான் வரும். த்ரெட்ட கணக்கு வழக்கு அதிகமா ஓடுற வேலைக்கு வச்சுக்கங்க, பலகாரக் கடைல அப்படி என்ன கணக்கு.

தேன்குழல்:
அட, ரெண்டு வாரம் த்ரெட்டோட மல்லுக்கட்டுனது இதுக்குத்தானா! நேத்து ராத்திரி மாத்திட்டேன், 70 வரி குறைஞ்சுபோச்சு. இன்னைக்கு காலைல கடை கூட்டும்போது யூஎஸ்பி கேபிள் கழண்டுக்குச்சு, எடை அப்படியே நிக்குது, அதுக்கு என்ன பண்ணுறது?

செக்காலை_சீரியல்:
எர்ரர்-அக்கர்ட் சிக்னல கனெக்ட் பண்ணுங்க, ரிசோர்ஸ் எர்ரர்னு வரும். வந்ததும் போர்ட்ட க்ளோஸ் பண்ணிட்டு, ரெண்டு செகண்டுக்கு ஒரு தடவ க்யூடைமர்ல திறந்து பாருங்க. லேபிள்ல பழைய எடைய விட்டு வைக்காதீங்க, வெறும் --- போட்டுருங்க. அப்புறம் கேபிள செவத்தோட ஒரு கிளிப் அடிச்சு மாட்டுங்க தம்பி.