21 லட்ச ரூபாய் காருக்கு 4.2 லட்சம் லைஃப் டாக்ஸ்: பாண்டி நம்பர் போட்டால் என்ன தப்பு?

நாலாங்கியர்:
ஷோரூம் விலை 21 லட்சம், பெட்ரோல் வண்டி. சென்னையில் பதிந்தால் லைஃப் டாக்ஸ் (15 ஆண்டுக்கு ஒரே தடவையில் கட்டும் வாகன வரி) 20 சதவீதம், அதாவது 4,20,000 ரூபாய். டெல்லியில் இதே வண்டிக்கு 10 சதவீதம், 2,10,000. மும்பையில் 13 சதவீதம், 2,73,000. புதுச்சேரியில் பல வருஷமாக விலைக்கேற்ற சதவீதம் கிடையாது, அடுக்கு அடுக்காக ஒரு நிர்ணயத் தொகைதான். விலை ஏற ஏற வித்தியாசம் பூதாகாரமாகிவிடும். அதே ஜிஎஸ்டி, அதே சுங்கச்சாவடி. பதிவுக் கட்டணம்கூட நாடு முழுக்க காருக்கு ஒரே 600 ரூபாய்தான். ஒரு மாநிலத்தில் செய்த பதிவு இந்தியா முழுக்கச் செல்லும் என்று மோட்டார் வாகனச் சட்டம் 46ஆம் பிரிவே சொல்கிறது. அப்புறம் புதுச்சேரியைச் சேர்ந்த காரைக்காலில் ஒரு முகவரி காட்டி பிஒய் 02 என்ற பதிவு எண் வாங்கி ஓட்டினால் அதை ஏன் திருட்டுபோலப் பேசுகிறார்கள்?

வரிக்குதிரை:
46ஐப் படித்த கையோடு 40ஐயும் 47ஐயும் படித்திருக்கலாம். உரிமையாளர் எங்கே குடியிருக்கிறாரோ, அல்லது தொழில் நடத்தி வண்டியை வழக்கமாக எங்கே நிறுத்துகிறாரோ, அங்கேதான் பதிய வேண்டும் என்பது 40. 2019 திருத்தம் இதைக் கொஞ்சம் தளர்த்தியது: மாநிலத்துக்குள் எந்த ஆர்.டி.ஓ.விலும் பதியலாம். மாநிலத்துக்குள், கவனிக்கவும். 47ஆம் பிரிவு, பதிந்த மாநிலத்தை விட்டு வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புது எண் வாங்கச் சொல்கிறது.

சதவீதம் ஏன் மாறுகிறது என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. 600 ரூபாய் மத்திய அரசின் விதி 81இல் இருக்கிறது. வாகன வரி, அரசியலமைப்பின் 7ஆம் அட்டவணை, மாநிலப் பட்டியலில் 57ஆவது இனம். இரண்டும் ஒரே கவுண்டரில் வசூலாவதால் ஒரே கட்டணம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

நாலாங்கியர்:
மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்பதை மறுக்கவில்லை. அந்த அதிகாரத்தை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதுதான் கேள்வி. 2023 நவம்பருக்கு முன்பு தமிழ்நாட்டில் 10 லட்சம் வரை 10 சதவீதம், அதற்கு மேல் 15. இப்போது 5 லட்சம் வரை 12, 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. வருமான வரிபோல ஒவ்வொரு அடுக்குக்கும் தனிக் கணக்கு என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, முழு விலைக்கும் ஒரே சதவீதம். சரியாக 10 லட்சம் என்றால் 1,30,000. ஒரு ரூபாய் கூடினால் 1,80,000. ஒரு ரூபாய்க்கு ஐம்பதாயிரம்! இதை எந்தப் பொருளாதாரத்தில் சேர்ப்பது?

வரிக்குதிரை:
அந்த இடத்தில் வடிவமைப்பு மோசம்தான். ஆனால் அது தமிழ்நாட்டின் தனிப் பழக்கம் இல்லை. கர்நாடகாவிலும் இப்படித்தான்: 13, 14, 17, 18. அந்த 18ஐப் பார்த்து 'பெங்களூரு சல்லிசு' என்பவர்கள் செஸ்ஸை (வரிமேல் வரியை) மறந்துவிடுகிறார்கள். வரித்தொகையின் மேல் 11 சதவீத செஸ் உண்டு. 25 லட்ச ரூபாய் வண்டிக்குப் போட்டுப் பாருங்கள்: தமிழ்நாடு 5,00,000; கர்நாடகா 4,50,000 கூட்டல் 49,500. வித்தியாசம் 500 ரூபாய். 12 லட்ச ரூபாய் வண்டிக்கோ தமிழ்நாட்டில் 2,16,000, கர்நாடகாவில் 2,26,440. பட்டியலில் உள்ள சதவீதத்தை மட்டும் ஒப்பிட்டு எந்த முடிவுக்கும் வரக் கூடாது. எரிபொருளும் கணக்கைப் புரட்டும். டெல்லியில் 10 லட்சத்துக்கு மேற்பட்ட டீசல் காருக்கு 12.5, மகாராஷ்டிராவில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட டீசலுக்கு 15. கம்பெனி பெயரில் வாங்கினால் மகாராஷ்டிராவில் நேராக 20. தெலங்கானாவில் ஒருவர் பெயரில் இரண்டாவது கார் என்றால் 2 சதவீதம் கூடுதல்.

ஓசூர்வாசி:
அடுக்கு விஷயத்துல ஒண்ணு சேர்த்துக்கங்க. 2025 செப்டம்பர் 22 ஜிஎஸ்டி மாற்றத்துல சின்ன பெட்ரோல் கார் (1200 சிசிக்குள்ள, 4 மீட்டருக்குள்ள) செஸ்ஸோட 29லேர்ந்து 18க்கு வந்துச்சு. லைஃப் டாக்ஸ் கணக்குல வர்றது ஜிஎஸ்டி சேர்ந்த விலைதான். 10.60 லட்சம் இருந்த வண்டி சுமார் 9.70க்கு இறங்கும். பழைய லைஃப் டாக்ஸ் 18 சதவீதத்துல 1,90,800. புதுசு 13 சதவீதத்துல சுமார் 1,26,000. அடிப்படை விலையில கம்பெனி பைசா குறைக்காமலே மாநில வரியில மட்டும் கிட்டத்தட்ட 65 ஆயிரம் குறையுது. எல்லைக்கோட்டுக்குப் பக்கத்துல இருக்கற வேரியன்ட் வாங்கறவங்க மேட், சீட் கவர், டேஷ்கேம் எல்லாத்தையும் தனி பில்லுல போடச் சொல்லுங்க. வண்டி இன்வாய்ஸ்ல சேர்த்து 10 லட்சத்தைத் தாண்டிட்டா அம்பதாயிரம் ரூபாய் சீட் கவர் ஆயிடும்.

நாலாங்கியர்:
அருமையான உதாரணம். இப்போது கொள்கைக்கு வருகிறேன். வாகன வரி என்பது சாலையைப் பயன்படுத்துவதற்கான ஈடு என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. 1974இல் பொலானி ஓர்ஸ் வழக்கு. 2025 ஆகஸ்டில், விசாகப்பட்டினம் எஃகு ஆலை வளாகத்துக்குள் மட்டும் ஓடிய வண்டிகளுக்கு அந்தக் காலத்துக்கு வரி கிடையாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோதும் இதே தர்க்கம்தான். சாலைக்கான ஈடு என்றால் அது எடையையோ ஓடும் தூரத்தையோ வைத்து வர வேண்டும். 8 லட்சம் ரூபாய் ஹேட்ச்பேக்கும் 25 லட்சம் ரூபாய் செடானும் தாரைத் தேய்ப்பதில் அப்படி என்ன வேறுபாடு? வரியில் 1,04,000 எங்கே, 5,00,000 எங்கே? சாலை வரி என்ற பெயரில் இது சொத்து வரி. அதுவும் 15 ஆண்டுக்கு முன்கூட்டியே.

வரிக்குதிரை:
சாலைக்கான ஈடு என்றால், எந்தச் சாலைக்கு? வண்டி தினமும் தேய்ப்பது அண்ணா சாலையை. பணம் போவது காரைக்காலுக்கு. நீங்கள் எடுத்த தீர்ப்பு உங்கள் பாண்டி நம்பருக்கு எதிராகத்தான் பேசுகிறது.

இந்த வழியில் போனவர்கள் கதையும் தெரிந்ததே. 2017இல் கேரளாவில் வெடித்த விவகாரத்தில் ஒரு கோடிக்கு மேல் விலையுள்ள காருக்குப் புதுச்சேரியில் 2 லட்சத்துக்கும் குறைவாகக் கட்டியிருந்தார்கள்; கேரளக் கணக்கில் 20 லட்சத்தை ஒட்டி வந்திருக்கும். வழக்கு வரிச் சட்டத்தோடு நிற்கவில்லை. போலி முகவரி, போலி ஆவணம் என்று குற்றப்பிரிவு வரை போனது. முகவரிச் சான்றாகக் கொடுத்த வாடகை ஒப்பந்தமும் எல்.ஐ.சி. பாலிசியும் அங்கே இல்லாத வீட்டைக் காட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 55(5)இன்படி பதிவையே ரத்து செய்யலாம். பதிவு ரத்தான வண்டிக்கு விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது அதைத்தான்.

ஓசூர்வாசி:
ரெண்டு பேரும் பாண்டியை விடுங்க. நேர்மையா இருக்கறவன் மாட்டிக்கற இடம் எல்லை. வீடு ஓசூர், வேலை பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டி, டிஎன் 70 (ஓசூர் பதிவு) வண்டி தினம் கர்நாடக எல்லையில இருக்கற அத்திப்பள்ளியைத் தாண்டுது. கர்நாடகா 2014ல ஒரு திருத்தம் போட்டு 30 நாளுக்கு மேல வெளிமாநில வண்டி இருந்தா முழு லைஃப் டாக்ஸ் கட்டணும்னாங்க. ரோட்டுல பிடிச்சு ஆர்.சி.யை (பதிவுச் சான்றை) வாங்கி வெச்சுக்கிட்ட காலம் அது. 2016ல கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து பண்ணிடுச்சு, மத்தியச் சட்டத்தோட 12 மாசம்தான் அளவுன்னு. ஆனா 12 மாசம் ஆகலைன்னு காட்டற பாரம் நம்ம தலையிலதான் விழுது. அதுக்கு உருப்படியான ஆதாரம் ஃபாஸ்டேக் ஸ்டேட்மென்ட். தினம் காலையில வடக்கே, சாயங்காலம் தெற்கேன்னு தேதி, மணியோட இருக்கும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பி.டி.எஃப். இறக்கி வெச்சுக்கங்க. ஓசூர் வீட்டு வரி ரசீதோ வாடகை ஒப்பந்தமோ ஒரு நகல் வண்டியில இருக்கட்டும்.

நாலாங்கியர்:
பார்த்தீர்களா, சட்டத்தை மதிப்பவன் நகல் சுமந்து திரிய வேண்டியிருக்கிறது. நாடு முழுக்கச் செல்லும் பிஎச் (பாரத்) பதிவு எண் வரிசை இதற்குத்தான் வந்தது. 2021 செப்டம்பர் 15 முதல் நடைமுறை. 10 லட்சம் வரை 8, 20 லட்சம் வரை 10, அதற்கு மேல் 12 என்ற விகிதம். டீசலுக்கு 2 கூடுதல், மின்சாரத்துக்கு 2 குறைவு. அதுவும் மொத்தமாக இல்லை, இரண்டிரண்டு ஆண்டுக்குரிய பங்கு மட்டும். மாநிலம் மாறினால் எண் மாற்ற வேண்டாம். நாட்டுக்கே ஒரு விகிதம் சாத்தியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

வரிக்குதிரை:
யாருக்குச் சாத்தியம்? மத்திய, மாநில அரசு ஊழியர், படைத்துறை, பொதுத்துறை, நான்கு மாநிலங்களிலாவது அலுவலகம் உள்ள தனியார் நிறுவனத்தின் ஊழியர். சொந்தக் கடை வைத்திருப்பவருக்கு இல்லை. தனியார் ஊழியர் படிவம் 60இல் நிறுவனத்திடம் சான்று வாங்க வேண்டும். கர்நாடகா முதலில் தனியார் ஊழியருக்குத் தர மறுத்து, 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகே கதவு திறந்தது. இரண்டு ஆண்டுத் தவணையை மறந்தால் 7 நாள் கழித்து நாளுக்கு 100 ரூபாய் அபராதம். ஓர் ஆண்டு மறந்தால் 35 ஆயிரத்தைத் தாண்டும். வாங்குபவர் தகுதி இல்லாதவர் என்றால் விற்கும்போது சாதா எண்ணுக்கு மாற்றி மாநில வரி கட்டியாக வேண்டும், மறுவிற்பனை விலையில் அது கழியும். இரண்டு, மூன்று ஆண்டுக்கொருமுறை இடமாற்றம் உள்ளவருக்கு நல்லது. திருச்சியிலேயே 15 ஆண்டு இருக்கப் போகிறவர் 'வரி கம்மி' என்று ஓடுவதில் அர்த்தமில்லை.

படிவம்28:
விவாதம் நடக்கட்டும். உண்மையாகவே மாநிலம் மாறுகிறவர்களுக்கு வேலை வரிசை இது. முதலில் நிலுவையிலுள்ள இ-சலான் (போக்குவரத்து அபராதம்) எல்லாவற்றையும் கட்டுங்கள். ஒன்று பாக்கி இருந்தாலும் வாகனப் பதிவுக்கான 'வாகன்' இணையதளத்தில் விண்ணப்பம் நகராது. கடன் இருந்தால் வங்கியிடம், வண்டியை வெளிமாநிலம் கொண்டுபோக ஒப்புதல் கடிதம். வண்டிமேல் வழக்கு இல்லை என்பதற்கு தேசிய குற்ற ஆவணக் காப்பகத் தளத்தில் எடுத்த அறிக்கை. பிறகு என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) கேட்கும் படிவம் 28, சேஸிஸ் எண்ணின் பென்சில் பிரிண்ட் (எண்மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தது) ஒட்டி. பென்சில் பிரிண்ட் மங்கலாக இருந்து திரும்பி வரும் விண்ணப்பங்கள் ஏராளம். துருவைத் துணியால் துடைத்துவிட்டு எடுங்கள். 48ஆம் பிரிவின்படி 30 நாளுக்குள் மறுப்பு வராவிட்டால் என்.ஓ.சி. கொடுத்ததாகவே கொள்ள வேண்டும். ஆனால் கையில் தாள் இல்லாமல் அடுத்த ஆர்.டி.ஓ. அசைய மாட்டார்.

புது மாநிலத்தில், புது எண் கேட்கும் படிவம் 27, முகவரிச் சான்று, காப்பீடு, புகைச் சான்று, வண்டியை நேரில் காட்டுதல், வரி. இங்கேதான் பலர் அதிர்ச்சி அடைகிறார்கள். தமிழ்நாட்டில் வயதுக்கேற்பச் சதவீதம் குறையும், ஆனால் கணக்கின் அடிப்படை வண்டி புதிதாக இருந்தபோது இருந்த விலை. நீங்கள் கொடுத்த விலை இல்லை. டெல்லியில் டீசல் காருக்கு (அதற்கு மேல் ஓட்டக் கூடாது என்று) 10 ஆண்டுக் கெடு விதிக்கப்பட்டதால் 50 லட்ச ரூபாய் ஜெர்மன் கார் 8 லட்சத்துக்குக் கிடைக்கிறது என்று பிடித்துக்கொண்டு வருபவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன் அந்த 50 லட்சத்துக்கு இங்கே வரி எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள்.

எண் மாறியதும் மூன்று வேலை: காப்பீட்டில் புது எண்ணை ஏற்றுதல், புது எண்ணுக்கு ஃபாஸ்டேக், உயர் பாதுகாப்பு நம்பர் பலகை. பழைய ஃபாஸ்டேக்கை மூடாமல் விட்டால் ஒரே கண்ணாடியில் இரண்டு டேக் என்று குழப்பம் வரும்.

நாலாங்கியர்:
பழைய மாநிலத்தில் கட்டிய வரியின் ரீஃபண்டைச் சொல்லாமல் விட்டீர்களே. என் முழுக் குறையும் அங்கேதான்.

படிவம்28:
புது மாநிலத்தில் எண் வாங்கிய பிறகுதான் பழைய மாநிலத்தில் கேட்க முடியும். புது ஆர்.சி., புதிதாகக் கட்டிய வரி ரசீது, பழைய மாநிலத்தின் லைஃப் டாக்ஸ் ரசீது, என்.ஓ.சி. நகல், வங்கிக் கணக்கு விவரம். மிச்சமுள்ள ஆண்டுக்கேற்ப ஒரு அட்டவணைப்படி வரும். ஆக, நடுவில் சில மாதம் இரண்டு மாநில வரியும் உங்கள் கையிலிருந்து போயிருக்கும்.

நாலாங்கியர்:
இதைத்தான் சொல்கிறேன். வண்டி இருக்கும் இடத்துக்கு வரி என்றால் பணமும் வண்டியோடு மாற வேண்டும். இரண்டு அரசும் ஒரே வாகன் தளத்தில்தான் இருக்கின்றன. ஒரு அரசு இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம். அதைச் செய்யாமல் குடிமகனை 2,000 கிலோமீட்டர் தள்ளியுள்ள அலுவலகத்துக்கு விண்ணப்பம் போட வைப்பதால்தான் ஆட்கள் பாண்டி பக்கம் போகிறார்கள்.

வரிக்குதிரை:
இந்த ஒரு இடத்தில் முழு உடன்பாடு. ஆனால் ரீஃபண்ட் தாமதம் நிஜமாக இடம் மாறியவரின் பிரச்சினை. சென்னையை விட்டு நகராத 21 லட்ச ரூபாய் காருக்கு அது வாதம் ஆகாது.

ஓசூர்வாசி:
படிவம்28, பழைய லைஃப் டாக்ஸ் ரசீது தொலைஞ்சிருந்தா?

படிவம்28:
வாகன் தளத்தில் வண்டி எண்ணையும் சேஸிஸ் எண்ணின் கடைசி ஐந்து இலக்கத்தையும் போட்டு ரசீதை மறுபடி எடுக்கலாம். பழைய பதிவு கணினிக்கு முந்தைய காலத்தது என்றால் அந்த ஆர்.டி.ஓ.விலேயே வரிச் சான்று கேட்டு வாங்க வேண்டும். அதையும் என்.ஓ.சி. வாங்கும் அன்றே முடித்துவிடுங்கள். ஊர் மாறிய பிறகு இதற்காக ஒரு தடவை திரும்பிப் போனால் கிடைக்கிற ரீஃபண்டில் பாதி டிக்கெட்டுக்குப் போய்விடும்.