முட்டை போடாத அச்சு முறுக்கு: அளவு தெரிஞ்சவங்க சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். நாங்க வேலூர் சத்துவாச்சாரி. கிறிஸ்துமஸுக்குத் தெருவுல எல்லா வீட்டுக்கும் பலகாரத் தட்டு அனுப்புறது எங்க ஆயா காலத்துப் பழக்கம். முட்டை சாப்பிடாத வீடுகளுக்குன்னு அச்சு முறுக்கைத் தனியா சுடுவாங்க. இப்ப அந்த வேலை என் தலையில.

முட்டை சேர்த்த மாவுல பிரச்சினை இல்ல. பச்சரிசி மாவு, தேங்காய்ப்பால், சர்க்கரை, எள்ளு. அச்சை எண்ணெயில நல்லா காயவெச்சு, முக்கால் உயரம் மட்டும் மாவுல முக்கினா தானா கழண்டுடும். முட்டை இல்லாத மாவுதான் படுத்துது. அச்சை விட்டு வரவே மாட்டேங்குது, வந்தாலும் எண்ணெயில பிரிஞ்சு போகுது. மைதா கலந்தா நிக்குது, ஆனா ஆறினதும் சவசவன்னு ஆயிடுது.

அரிசி மாவுக்கு மைதா எவ்வளவு? முதல் பாலா, ரெண்டாம் பாலா? அம்மா ஒண்ணு சொல்றாங்க, அத்தை அடிச்சு வேற சொல்றாங்க. நடுவுல நான் வாய் திறக்கல.

அப்படியே, கனமான பழைய மாதிரி இரும்பு அச்சு லாங்கு பஜார் பக்கம் எங்க கிடைக்கும்? நான்-ஸ்டிக் வேணாம். 20ஆம் தேதிக்குள்ள சுட ஆரம்பிக்கணும், சீக்கிரம் சொல்லுங்க.